கட்டை போனால் கருவி போச்சா?

"இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் கிடைக்காது தம்பி. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கோ."

கடைக்காரர் சொன்ன இந்த ஒற்றை வரியைக் கேட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவனா நீ? உட்கார். உன்னோடுதான் பேச வேண்டும்.

வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறதே உன் பழைய சின்தசைசர், அதற்கு என்ன ஆகிவிட்டது? ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. திரையில் எழுத்து வருகிறது. கட்டைகளில்தான் கோளாறு. சில அமுங்கினால் எழுந்திருப்பதில்லை. சில வாயே திறப்பதில்லை. கட்டைகளைத் தாங்கி நிற்கும் அந்த மொத்த வரிசைக்கு, அதாவது கீபெட்டுக்கு, ஒரு மாற்று வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதற்காகக் கருவியையே கைகழுவச் சொன்னவர் அடிமூடியில் ஒரு ஸ்க்ரூவையாவது கழற்றிப் பார்த்தாரா? பார்க்காமல் சொன்னதை நீ ஏன் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறாய்?

முதலில் உன் கருவி உயிரோடு இருக்கிறது என்பதை நீயே நிரூபி. பின்பக்கம் 'மிடி இன்' என்று ஒரு வட்டத் துளை இருக்கிறதா? 1983-க்குப் பிறகு வந்த பெரும்பாலான சின்தசைசர்களில் இருக்கும். நண்பனின் கீபோர்டைக் கடன் வாங்கி, அதன் 'மிடி அவுட்'டிலிருந்து ஒரு கேபிளை இழுத்து இதில் செருகு. அங்கே வாசி, இங்கே ஒலிக்கும். ஒலித்துவிட்டதா? அப்படியானால் நீ தேடப் போவது கட்டைகளை மட்டும்தான். இனி யார் வந்து "செத்துப் போச்சு" என்றாலும் சிரித்துக்கொண்டே போகலாம்.

அடுத்தது, நோயைச் சரியாகக் கண்டுபிடி. பலர் சறுக்குவது இங்கேதான். 61 கட்டைகளுக்கும் தனித்தனி வயர் கிடையாது. அவற்றை எட்டு எட்டாகக் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சில கம்பிகளில் அடக்கிவிடுவார்கள். ஆகவே, வரிசையாக எட்டுக் கட்டைகள் மௌனமாக இருந்தாலோ, சொல்லிவைத்தாற்போல ஒவ்வொரு எட்டாவது கட்டையும் பேசாமல் இருந்தாலோ, கீபெட்டின் மேல் பழி போடாதே. பெரும்பாலும் ஒரு ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது ஒரு சால்டர் விட்டுப்போயிருக்கும். மெல்லத் தொட்டாலும் ஒரு கட்டை உச்ச சத்தத்தில் அலறுகிறதா? அடிக்கும் வேகத்தை உணரும் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் உண்டு. முதலாவது பட்டு இரண்டாவது படுவதற்குள் ஆகும் நேரத்தை வைத்துத்தான் நீ எவ்வளவு வேகமாக அடித்தாய் என்று கருவி கணக்குப் போடுகிறது. அதில் தூசி உட்கார்ந்தால் கணக்கு தப்பும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் போதும், பல கட்டைகள் அன்றைக்கே பேசத் தொடங்கும். கட்டைக்கு அடியிலுள்ள ரப்பருக்குள் இருக்கும் கறுப்புப் பொட்டை மட்டும் சுரண்டிவிடாதே. மின்சாரத்தைக் கடத்துவதே அந்தப் பொட்டுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கீபெட்தான் குற்றவாளி என்றால், சரி, தேடலாம். எங்கே தேடுவாய்? அதே மாடலை மட்டுமே தேடினால் ஆண்டுக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். சின்தசைசர் கம்பெனிகள் மாடலுக்கு ஒரு கீபெட் என்று புதிதாகச் செய்துகொண்டிருந்ததில்லை. ஒரே கீபெட்டைப் பல மாடல்களில் போட்டார்கள், வெளியிலிருந்தும் வாங்கினார்கள். மினிமூக், ப்ராஃபெட்-5 இரண்டிலும் இருந்தவை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பழைய பியானோக் கட்டைக் கம்பெனியான ப்ராட்-ரீட் செய்தவை. 1988-இல் வந்து உலகையே கலக்கிய கோர்க் எம்1-க்குக் கீபெட் கொடுத்தது அதன் போட்டியாளரான யமஹா! ஆகவே சர்வீஸ் மேனுவலைத் தேடி எடு. கீபெட்டின் பாக எண்ணைக் குறித்துக்கொள். அதே எண் வேறு எந்தெந்த மாடலின் மேனுவலில் வருகிறது என்று பார். ஒரு மாடலைத் தேடிக்கொண்டிருந்தவன் இப்போது நான்கைத் தேடலாம்.

இத்தாலியின் ரெகனாத்தி நகரத்து ஃபத்தார் கம்பெனி இன்றைக்கும் புதுக் கீபெட் செய்கிறது. பல நார்டு கீபோர்டுகளில் இருப்பது அதுதான். அதை வாங்கி உள்ளே போட்டால் ஆயிற்று என்று நினைத்துவிடாதே. அளவு பொருந்த வேண்டும், கனெக்டர் பொருந்த வேண்டும், கம்பிகளைக் கோத்த முறை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இடையில் ஒரு சிறிய போர்டு செய்து மொழிபெயர்க்க வேண்டும். முடியாத வேலை இல்லை. ஆனால் கடைசியாக வைத்துக்கொள்.

இப்போது உனக்கு வேண்டிய பிடிவாதத்துக்கு வருகிறேன். ரோலண்டு ஜேடி-800 என்றொரு கருவி. 1991-இல் வந்தது. மற்றவர்களெல்லாம் பட்டன்களைக் குறைத்து, சின்னத் திரைக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவைத்த காலத்தில், முகம் முழுக்க ஸ்லைடர்களைப் பரப்பிக்கொண்டு வந்த தைரியசாலி. அதன் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் கனத்துக்காக ஓர் இரும்புத் துண்டைச் சிவப்புப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆண்டுகள் ஓட, அந்தப் பசை இளகிக் கூழாகி ஒழுகத் தொடங்கியது. வெப்பம் அதற்கு எமன். நம் ஊர்ச் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஒழுகிய பசை கட்டைகளைப் பிடித்துக்கொள்ளும், சில சமயம் தொடுமுனைகள் வரை இறங்கும். சரி, வேறொரு ரோலண்டிலிருந்து கீபெட்டைக் கழற்றிப் போடலாம் என்று போனால், அதே காலத்து டி-70, யு-20 கருவிகளிலும் அதே சிவப்புப் பசை! பணம் கொடுத்து வாங்கிவரும் மாற்றுக்கும் அதே வியாதி.

இந்த இடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்துவிடுவார்கள்! ஆனால் உலகமெங்கும் சாதாரண வாசிப்பாளர்கள் உட்காரவில்லை. கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டுப் பசையைக் கரைத்தார்கள். இரும்புத் துண்டுகளைத் துடைத்து, நல்ல எபாக்சி போட்டுத் திரும்ப ஒட்டினார்கள். மாற்று தேடிப் போனவர்கள் தங்கள் பழைய கீபெட்டையே புதிதாக்கிக்கொண்டார்கள். (நீயும் செய்வதானால் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதே. தண்ணீரில் சோடாவைப் போடு, சோடாவில் தண்ணீரை ஊற்றாதே. அலுமினியப் பாத்திரம் பக்கமே போகாதே. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மொட்டை மாடிக்குப் போய்விடு. வீரம் வேறு, அசட்டுத்தனம் வேறு.)

"நான் என்ன இன்ஜினீயரா?" என்று கேட்பாய். அந்த ரோலண்டைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி யார் தெரியுமா? 1930-இல் ஒசாகாவில் பிறந்தவர். இரண்டு வயதில் தாய் தந்தை இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பதின்ம வயதிலேயே கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை வைத்தார். அதே காசநோய் அவரையும் பிடித்து ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடத்தியது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் பிழைத்து எழுந்தவர், ரேடியோவும் மின்சாதனங்களும் பார்க்கும் கடை திறந்தார். இசையை முறைப்படி கற்றவரில்லை. 1972-இல் ரோலண்டைத் தொடங்கினார். கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மிடி என்ற பொது மொழியை உருவாக்கியதற்காக 2013-இல் டேவ் ஸ்மித்தோடு சேர்ந்து கிராமியின் தொழில்நுட்ப விருதைப் பெற்றார். திறந்து பார்க்கத் துணிந்த ஒரு ரிப்பேர்காரன் கட்டிய கம்பெனி அது. அதன் கருவியைத் திறக்க நீ நடுங்குகிறாய்!

நடுங்காதே. பிளக்கைப் பிடுங்கு. ஒவ்வொரு அடுக்கையும் கழற்றும் முன் போனில் படம் எடு. ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே காகிதத்தில் ஒட்டிவை. பவர் சப்ளைப் பக்கம் கை வைக்காதே. கீபெட்டை வெளியே எடுத்து அதன் இரும்புச் சட்டத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படி. எத்தனை கட்டை, எந்தச் சுரத்தில் தொடங்குகிறது, கேபிளில் எத்தனை முனை, இவற்றைக் குறித்துக்கொள். கட்டை ஒன்றிரண்டுதான் உடைந்திருக்கிறது என்றால் முழுக் கீபெட்டைத் தேடி அலையாதே. உதிரியாக ஒரு கட்டை கிடைப்பது எளிது, கிடைக்காவிட்டால் 3டி பிரிண்டரில் அச்செடுக்கவும் வழியிருக்கிறது.

இன்னொன்று. உன் கருவியில் போர்டு நன்றாக இருக்கிறது, கட்டை போய்விட்டது. இதே மாடலில் போர்டு எரிந்து, கட்டை புத்தம் புதிதாக இருப்பதும் எங்கோ ஒரு பரணில் கிடக்கிறது. மெல்லிசைக் குழு நடத்திக் கலைத்தவர்களிடம் கேள். தேவாலயத்தில் பழைய கீபோர்டை மாற்றியபோது எங்கே வைத்தார்கள் என்று கேள். மூடிய ரெக்கார்டிங் தியேட்டர்காரர்களிடம் கேள். "வேலை செய்யாததுதான் வேணும், விலை சொல்லுங்க" என்று கேள். பாக எண்ணைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பு.