எல்லாம் விதி என்றால், என் தப்பு யார் கணக்கில்?

ஓம் சரவணபவ.

ரெண்டு வருஷமா யார்கிட்டயும் கேட்காம மனசுக்குள்ளயே வச்சிருந்த கேள்வி இது. நம்ம குரூப்ல நிறைய பேருக்கு இதே மாதிரி ஒண்ணு இருக்கும்னு தோணுது. அதனால எழுதறேன்.

எங்கள் வீடு திருச்சி தில்லை நகரில். நான் வேலை பார்ப்பது சென்னையில். ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா போன் பண்ணினார். "தம்பி, நெஞ்சு ஒரு மாதிரி எரியுது. மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கல போல." அன்றைக்கு எங்களுக்கு ரிலீஸ். லேப்டாப்பில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. "கேஸா இருக்கும்பா. மாத்திரை போட்டுட்டுப் படுங்க. சனிக்கிழமை நான் வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி அம்மா போன் பண்ணாங்க.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவன் விதி அவ்வளவுதான்டா தம்பி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளே ஒரு குரல், "விதி இல்லடா, நீதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இந்த ரெண்டில் எது உண்மை?

போன வருஷம் ஒரு நண்பன் சொல்லி 'ஈடிபஸ்' நாடகத்தைப் படித்தேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த சோஃபோக்ளிஸ் எழுதியது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: "உன் அப்பாவை நீயே கொல்வாய், அம்மாவையே மணப்பாய்" என்று குறி சொல்லிவிடுகிறார்கள். பயந்துபோன ஈடிபஸ், தன்னை வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று நினைத்து அந்த ஊரை விட்டே ஓடுகிறான். ஓடுகிற வழியில், மூன்று சாலைகள் சேரும் ஓர் இடத்தில், தேரில் வந்த ஒரு பெரியவரோடு தகராறு. கோபத்தில் கொன்றுவிடுகிறான். அவர்தான் அவனைப் பெற்ற அப்பா. அப்புறம் தீப்ஸ் நகரத்துக்கு ராஜாவாகி, அங்கிருந்த ராணியை மணக்கிறான். அவள்தான் அம்மா. விதியிலிருந்து தப்பிக்க ஓடிய ஓட்டமே அவனை விதியிடம் கொண்டுபோய் விட்டது.

மூன்று சாலைகள் என்று படித்ததும் எனக்குச் சட்டென்று நம்ம சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் பூம்புகாரிலிருந்து கிளம்பி, திருவரங்கம் வழியாக உறையூர் வருகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் உறையூர். அங்கிருந்து மதுரைக்குப் புறப்படும்போது மாங்காட்டு மறையோன் ஒருவர் வழி சொல்கிறார். கொடும்பை தாண்டினால் சிவன் கை சூலம் போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறார். அந்தக் கொடும்பை இன்றைய கொடும்பாளூர். நம்ம விராலிமலைக்குப் பக்கம்.

மூன்று வழிக்கும் அடையாளம், ஆபத்து எல்லாம் விவரமாகச் சொல்கிறார். ஆனால் மூன்றுமே போய்ச் சேர்வது மதுரைக்குத்தான். எந்த வழியில் போயிருந்தாலும் கோவலன் அங்கேதான் போயிருப்பான்.

சிலம்பு எழுதப்பட்டதற்கான காரணங்களில் ஒன்றாக ஊழ்வினையை அதன் பதிகமே சொல்கிறது. போன பிறவியில் கோவலன் செய்த ஒரு கொலைதான் இந்தப் பிறவியில் அவனைக் கொன்றது என்று காப்பியம் கணக்கும் காட்டுகிறது. அப்படியானால் யாருமே குற்றவாளி இல்லை என்றுதானே முடிந்திருக்க வேண்டும்?

முடியவில்லை, நண்பர்களே. கொலைக்களத்துக்குப் போவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், மாதரி கொடுத்த வீட்டில், கோவலன் கண்ணகியிடம் பேசுகிறான். இதெல்லாம் முன்வினையோ என்று யோசிக்கிறான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. வீணர்களோடு சேர்ந்து கெட்டதையும், பெற்றவர்களுக்குத் துன்பம் தந்ததையும், தான் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் அவள் கிளம்பி வந்ததையும் தன் வாயாலேயே சொல்கிறான். பாண்டியனும் அப்படித்தான். பொற்கொல்லன் ஏமாற்றினான், விதி விளையாடியது என்று சொல்லித் தப்பிக்க அவனுக்கு எல்லா வசதியும் இருந்தது. ஆனால் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரியணையிலேயே விழுந்து உயிரை விடுகிறான்.

ஈடிபஸும் அதையேதான் செய்கிறான். உண்மை தெரிந்ததும் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். துன்பத்தைக் கொண்டுவந்தது அப்போலோ தெய்வம், குத்தியது மட்டும் தன் கை என்று பிரித்துச் சொல்கிறான்.

நம் மொழியில் 'வினை' என்றால் விதி. செயலும் வினைதான். பள்ளிக்கூடத்தில் வினைச்சொல் என்று படித்தோமே, அதே வினை. திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, அதாவது முயற்சி. நம்மை அடிப்பதற்கும் நாம் எழுவதற்கும் தமிழில் ஒரே வார்த்தை. அதனால் "விதி" என்று சொல்லி என் கையை மறைக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது. நான் அன்றைக்கு அப்பாவின் போனைச் சரியாகக் கேட்கவில்லை. அது என் வினை.

அப்படியென்றால் அந்த உள்குரல் சொன்னதுதான் சரியா?

அதுவும் முழுசா சரியில்லை. ஆபீஸில் ஏதாவது சிஸ்டம் விழுந்தால் நாங்கள் காரண அலசல் எழுதுவோம். அதில் ஒரு ஒழுங்கு உண்டு. எத்தனை மணிக்கு யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை மட்டும் எழுத வேண்டும். மறுநாள் தெரிந்த விஷயத்தை முந்தின நாள் தலையில் ஏற்றக் கூடாது. அப்பா விஷயத்தில் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தெரிந்ததை வைத்து வியாழக்கிழமை ராத்திரி இருந்தவனுக்கு ரெண்டு வருஷமா தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சோஃபோக்ளிஸ் தன் கடைசிக் காலத்தில் ஈடிபஸைப் பற்றி இன்னொரு நாடகம் எழுதினார். அவர் இறந்த பிறகு கி.மு. 401இல் அது மேடையேறியது. அதில் கிழவனாகி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு அலைகிற ஈடிபஸ், தெரியாமல் செய்தேன் என்று முதல்முறையாகத் தனக்காக வாதாடுகிறான். செய்ததை மறுக்கவில்லை. தெரிந்து செய்ததாகச் சொல்வதைத்தான் மறுக்கிறான். அந்த வித்தியாசம் புரிய அவனுக்குப் பல வருஷம் ஆகியிருக்கிறது.

போன கிருத்திகைக்கு பைக்கில் விராலிமலை போனேன். வழி தவறிய அருணகிரிநாதருக்கு முருகன் வேடனாக வந்து வழிகாட்டியதாகச் சொல்வார்களே, அந்த மலை. படியேறும்போது பாறை மேல் ஒரு மயில் நின்றுகொண்டிருந்தது. சூரபத்மன் ஞாபகம் வந்தது. வேல் பட்டதும் மாமரம் ரெண்டாகி, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். சூரன் செய்ததை இல்லை என்று ஆக்கவில்லை முருகன். வருஷா வருஷம் சூரசம்ஹாரத்தில் அதை நமக்கு நினைவுபடுத்துகிறான். ஆனால் அந்த வினை சூரனை அதே இடத்தில் கட்டிப்போடவும் அவன் விடவில்லை. தன்னைச் சுமக்கிற வேலை கொடுத்தான்.

எனக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும் என்று சன்னதியில் கேட்டேன். கீழே இறங்கியதும் அம்மாவுக்கு போன் போட்டு, மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட செக்கப்புக்கு மறுநாளே கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். போனோம். அன்றைக்கும் ரிலீஸ்தான். லீவு போட்டேன்.

கந்தரலங்காரத்தில் வினையைப் பார்த்துச் சவால் விடும் பாட்டை நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். வைங்க, நல்லதுதான். ஆனா வீட்ல யாராவது நெஞ்சு எரியுதுன்னு சொன்னா, கேஸ்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!