பிடிக்குள் இருப்பது

மணிமங்கலம் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு வாள்தான் நினைவுக்கு வரும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களுள் இந்த ஊரும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் இந்த ஊரில் குடியிருக்கும் நான் இப்போது சொல்ல வந்தது அவ்வளவு பெரிய ஆயுதத்தைப் பற்றி அல்ல. என் வீட்டுச் சமையலறையில் பூசணிக்காய் வெட்டும் ஒரு கத்தியைப் பற்றி; அதிலும் இரும்பைப் பற்றி அல்ல, அதன் மரப்பிடியைப் பற்றி.

அந்தக் கத்தி என் தாயார் வைத்திருந்தது. தினசரிக் காய்க்கு அரிவாள்மணை; பலாப்பழம், பூசணிக்காய் என்று வந்தால்தான் கத்தி வெளியே வரும். எங்கள் கிராமத்து ஆசாரி ஒருவர் அதற்குக் கருவேலம் பிடி போட்டிருந்தார். அம்மா போய்ப் பல வருஷங்கள் ஆன பிறகு, ஒரு நாள் அந்தப் பிடி நீளவாட்டில் விரிந்துவிட்டது. கடையில் இருபது கத்தி கிடைக்கும். ஆனாலும் அம்மாவின் கை பட்டதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. நானே ஒரு பிடி செய்து போட்டால் என்ன என்று தோன்றியது. பேனாவைத் தவிர வேறு கருவி பிடித்தறியாதவனுக்கு நாற்பது வயதுக்குமேல் இப்படி ஓர் ஆசை வருவது உண்டு. மனைவி சிரித்தாள், தடுக்கவில்லை.

மரம் இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது கொல்லைப் பூவரசு சாய்ந்தது. அதில் ஒரு கிளையை அறுத்துப் பரண்மேல் போட்டு வைத்திருந்தேன். பச்சை மரத்தில் பிடி போட்டால் காயக் காயச் சுருங்கி, வெடித்து, இரும்பை விட்டுவிடும்; வருஷக் கணக்கில் நிழலில் காய்ந்த கட்டைதான் உதவும். ரம்பம் ஒன்று, உளி ஒன்று, அரம் இரண்டு, கையால் சுற்றுகிற டிரில் ஒன்று, கொஞ்சம் உப்புத்தாள். இவ்வளவுதான் என் பட்டறை.

முதலில் பழைய பிடியை உளியால் பிளந்தேன். பிளந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கத்தியின் இரும்பு, பிடிக்குள்ளே வாலைப்போல் மெலிந்துகொண்டே போகும். அந்த வாலைச் சுற்றி மரம் மெல்லக் கரிந்திருந்தது. ஆசாரி செய்தது எனக்குப் புரிந்தது. சிறிய துளை ஒன்று போட்டு, வாலைப் பழுக்கக் காய்ச்சி, அதற்குள் இறக்கியிருக்கிறார். இரும்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எரித்து எடுத்துக்கொண்டிருக்கிறது. இடைவெளி என்று பார்த்தால் மயிரிழை; அதிலும் அரக்கு நிரம்பி இறுகியிருந்தது. பிடி உடைகிற வரையில் எந்த மனிதக் கண்ணும் பார்க்கப் போகாத இடம் அது. அங்கே இவ்வளவு சிரத்தை!

வியந்தேனே தவிரக் கற்றுக்கொள்ளவில்லை. என் டிரில் பாதி வழியில் கோணிற்று. நிமிர்த்தப் போய்த் துளை அகன்றது. வாலை விட்டுப் பார்த்தால் கிலுகிலுப்பைபோல் ஆடியது. கட்டையை எறிந்துவிட்டு வேறு துண்டு அறுத்திருக்க வேண்டும். நான் மரத்தூளைப் பசையில் குழைத்துத் துளையை அடைத்தேன். வாயில் பழைய பித்தளைக் குழாயில் அறுத்த வளையம் ஒன்றைப் பூணாக மாட்டினேன். பிறகுதான் என் சிரத்தை எல்லாம் வந்தது! அரத்தால் உருட்டி, உப்புத்தாளைச் சொரசொரப்பிலிருந்து வழவழப்பு வரையில் மாற்றி மாற்றித் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினேன். தேங்காயெண்ணெய் பூசினால் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல இறுகும். பூவரசின் வைரம் செம்பழுப்பில் பளபளத்தது. வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன், பாராட்டாதவர் இல்லை.

நாற்பது நாள் கழித்து, பூசணிக்காயின் தோலில் அழுத்தும்போது, இரும்பு பிடிக்குள்ளே திரும்பிவிட்டது. மனைவியின் கட்டைவிரல் அடியில் நாலு தையல்.

டாக்டரிடம் அவள் சொன்னாள்: “என் கவனக்குறைவுதான் டாக்டர். காயைச் சரியாப் பிடிக்கலே.”

பக்கத்தில் நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாலு நாளும் இல்லை. காரணம் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். பிடியின்மேல் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். நாவல்களில் எத்தனையோ குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றியவன் நான். ஒரு கத்திப் பிடி என்னை ஏற்றிய கூண்டில் நிற்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மனிதன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்? ‘கடவுள் பார்க்கிறார்’ என்று சிறு வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். ‘மனசாட்சி பார்க்கிறது’ என்று பிறகு புத்தகங்கள் சொல்லின. இரண்டிலும் யாரோ ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்வைக்குப் பயந்த நேர்மை, பார்க்கிறவர் கொஞ்சம் அசந்தால் தானும் அசந்துவிடாதா? என் மனசாட்சி அன்று மரத்தூளும் பசையுமாகக் குழைந்துதான் கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். உருப்படிகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். “தம்பி, இரும்பும் இரும்பும் பற்றவைத்த இடத்தில், உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?” என்று கேட்டேன்.

“பல வழி இருக்கு சார். சந்தேகமில்லாமப் பாக்கணும்னா வெட்டித்தான் பாக்கணும். நடுவிலே ஒண்ணை எடுத்து அறுத்து, தேய்த்து, மருந்து போட்டுப் பாப்போம்.”

“அறுத்தது?”

“அது போச்சு சார். அறுக்காததுதான் வண்டியிலே போகும்.”

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கருவிகளும் கணக்கும் குவிந்து கிடக்கும் அங்கேயும் கடைசியில் இதே சமாச்சாரம்தானா? அறுத்துப் பார்த்தது பயன்படாது. பயன்படுவது அறுத்துப் பார்க்காதது. சாலையில் வண்டி ஓட்டுகிறவன், அறுத்துப் பார்க்காத ஒன்றின்மேல் தன் உயிரை வைத்து உட்கார்ந்திருக்கிறான். என் மனைவி கத்தியைப் பிடித்ததும் அப்படித்தான். நம்பிக்கை என்பதே உள்ளே பார்க்காமல் பிடிப்பதுதான்.

எங்கள் ஊர் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழ மன்னர்களின் வெற்றிகளையும் கொடைகளையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஊரார் படிப்பதற்கென்றே வெட்டிய பெயர்கள். ஜப்பானில் வாள் செய்கிறவர்களிடம் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று உண்டு. செய்தவர் தம் பெயரைப் பளபளக்கும் அலகில் வெட்டுவதில்லை. பிடிக்குள் மறையும் வாலில் வெட்டுகிறார். ஒரே ஒரு மூங்கில் ஆணிதான் வாலைப் பிடியோடு பிணைக்கிறது. ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினால்தான் பெயர் தெரியும். அங்கே படிந்த துருவையும் துடைக்க மாட்டார்கள். வாளின் வயதை மதிப்பிடும்போது அதையும் பார்ப்பார்கள். எங்கள் ஆசாரி எழுத்து எதையும் வெட்டவில்லை. கரிந்த மரமும் மயிரிழை அரக்கும்தான் அவருடைய கையெழுத்து. என் பிடிக்குள்ளும் என் கையெழுத்து இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் முகம் சுருங்குகிறது.

ஐந்தாம் நாள் இரவு அவளிடம் சொல்லிவிட்டேன். துளை கோணியது, ஆடியது, அடைத்தது, எல்லாவற்றையும். கோபித்துக்கொள்வாள், அல்லது ‘போனால் போகிறது’ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்:

“ஏன் அன்னிக்கே சொல்லலே? ஆடுதுன்னு தெரிஞ்சிருந்தா நான் பார்த்துப் பிடிச்சிருப்பேனே?”

இத்தனை நாள் தேடிய விடை அந்தக் கேள்வியில் இருந்தது. கோணலாகத் துளை போட்டது என் குற்றமல்ல. அது என் கையின் அறியாமை. உலகத்தில் கோணல் துளைகளுக்குக் குறைவே இல்லை. ஆடுகிற கத்தியைக்கூட, ஆடுகிறது என்று தெரிந்தால், பத்திரமாகப் பிடிக்க மனிதர்களுக்குத் தெரியும். நான் செய்த பாவம் அதை மூடியது. மூடியபோது ஒரு குறையை மட்டும் மறைக்கவில்லை. அவள் ஜாக்கிரதையாக இருப்பதற்கான உரிமையையும் அவளிடமிருந்து பறித்துக்கொண்டேன். பறித்துக்கொண்டு, பளபளப்பை அவள் கையில் கொடுத்தேன்.

விரல் ஆறியதும் வேறு துண்டு அறுத்தேன். இந்தத் தடவை ஆசாரி வழி. சிறிய துளை போட்டேன். கத்தியின் அலகில் சூடேறினால் பதம் போய்விடும் என்பதால் ஈரத்துணியை அதில் இறுகச் சுற்றி, வாலை மட்டும் அடுப்பில் காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். புகை கண்ணைக் கரித்தது. மூன்று தடவை காய்ச்சி மூன்று தடவை இறக்கிய பிறகு இரும்பு உட்கார்ந்தது. அரக்கை உருக்கி ஊற்றிப் பூண் மாட்டினேன். முன்னதைவிட அழகில் இது ஒரு படி மட்டுதான். உப்புத்தாள் தேய்க்கும்போது முன்போல் உற்சாகம் வரவில்லை.

கையில் கொடுக்கும்போது அவள் பளபளப்பைப் பார்க்கவில்லை. “உள்ளே எப்படி?” என்றாள்.

“இறுகப் பிடிச்சிருக்கு. ஆனா பின்முனையிலே வைரம் இல்லை. கொஞ்சம் வெளிறு சேர்ந்துபோச்சு. பூச்சி அரிக்கலாம். மாவு மாதிரி உதிர்ந்தா உடனே சொல்லு.”

அவள் கத்தியைத் திருப்பி, வெளிறிய அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பூசணிக்காயை முன்னால் இழுத்து வைத்தாள்.