முதற்கனிக் கூடை

நன்றியறிதலைத் தமிழர் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றினர். வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். உதவிய கையை மறவாதே என்பது அவ்வறத்தின் சாரம். கிறித்தவ நெறி இன்னுமொரு வினாவை எழுப்புகிறது: அந்தக் கையை இயக்கிய ஊற்று எது? நன்மை யாவும் இறைவனிடமிருந்தே வருகின்றன என்பது அதன் விடை.

மாட்டுங்கா லேபர் கேம்பில் வாழும் நமக்கு இவ்விடை எளிதானதன்று. நம்மில் பலருடைய முன்னோர் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் நாற்றத்தையும் சுண்ணாம்பின் எரிச்சலையும் பொறுத்துக் கூலி ஈட்டினார்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் பெறுகின்றனர். இதனை ஆண்டவர் அருள் என்று மட்டும் சொல்லி முடித்தால், அந்தக் கைகளின் பாடு மறைந்துபோகாதா? நமக்குக் கிடைத்தது அருளென்றால், கிடைக்காத அடுத்த வீட்டாரை இறைவன் கைவிட்டான் என்றாகாதா?

இவ்விரு வினாக்களுக்கும் விவிலியத்தின் உபாகமம் 26ஆம் அதிகாரம் விடை தருகிறது. வாக்களிக்கப்பட்ட நாட்டில் குடியேறிய உழவன், நிலத்தின் முதற்கனிகளைக் கூடையில் ஏந்தி ஆசாரியனிடம் வருகிறான். அவன் தன் உழவுத் திறனைப் பேசவில்லை. தன் குலத்தின் கதையைச் சொல்கிறான். தகப்பன் அலைந்து திரிந்தவன். எகிப்துக்குச் சிறு கூட்டமாகப் போனவன். அங்கே கடும் வேலை சுமத்தப்பட்டவன். அந்தக் கூக்குரலைக் கடவுள் கேட்டார் என்கிறான். புலம்பெயர்ந்தோரின் வரலாறே அங்கு வழிபாடாகிறது! முன்னோர் பட்ட பாட்டை மறைத்துச் செலுத்தும் நன்றி அன்று அது. அப்பாட்டை உரக்கச் சொல்லிச் செலுத்தும் நன்றி.

அவ்வதிகாரம் அத்துடன் நிற்கவில்லை. நிலமில்லாத லேவியனும் உடன் தங்கும் அந்நியனும் அவனோடு சேர்ந்து மகிழவேண்டும் என்கிறது. திக்கற்றவருக்கும் விதவைக்கும் உரிய பங்கையும் குறிக்கிறது. ஆகவே, அருள் என்பது பெற்றவனின் தகுதிக்குத் தரப்பட்ட நற்சான்று அன்று. இல்லாதவன் சபிக்கப்பட்டவனும் அல்லன். அனைத்தையும் இழந்த யோபு குற்றவாளி அல்லன் என்பதை அந்நூலே காட்டுகிறதன்றோ? கூடையிலுள்ளது முற்றிலும் நமதன்று என்று உணரும்போதே, அதில் பிறர்க்குப் பங்குண்டு என்பதும் விளங்கிவிடுகிறது.

நெல்லைத் திருச்சபை மக்கள் இதனை வாழ்ந்து காட்டியவர்கள். அறுப்பின் பண்டிகையில் நெல்லும் வாழைக்குலையும் பூசணியும் கோழியும் படைத்து ஏலமிடுவர். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை ஆலயத்திற்கென ஒதுக்கிவைத்த தாய்மார் பலர். 1903இல் அவர்கள் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியர் பணத்தாலேயே நடைபெறவேண்டும் என்று உறுதி பூண்டது. வறியவனும் கொடுப்பவனாக நிமிரலாம் என்பதை அது உணர்த்தியது.

லேபர் கேம்பில் வயல் இல்லை. ஆயினும் அறுப்பு உண்டு. முதல் மாதச் சம்பளத்தைக் காணிக்கையாக்கும் இளைஞனின் கையிலும் முதற்கனிக் கூடையே இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கூலி நின்றபோது தாராவியின் சந்துகளில் அரிசியும் சமைத்த உணவும் கைமாறின. கொடுத்தவர் எல்லாச் சமயத்தினரும் ஆவர். அன்று இசுலாமிய அண்டை வீட்டாரிடமிருந்து சோறு பெற்ற கிறித்தவன் கடவுளுக்கு நன்றி சொன்னால், அந்த அண்டை வீட்டாரையும் கடவுளின் கையாகவே ஏற்றவனாகிறான். பின்னொரு நாள் அவரைப் பகைக்க அவனுக்கு உரிமை ஏது?

எனவே, ஊற்றை அறிதல் என்பது உதட்டளவில் தோத்திரம் சொல்வதோடு முடிவதன்று. நம் தாத்தா பாட்டியர் பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். நேற்று ஊரிலிருந்து வந்திறங்கிய எவருக்கும், அவர் எம்மொழியினர் ஆயினும், நம் திண்ணையில் இடம் தருவோம். கூடையை நிரப்பியவருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.