என் வண்டி, என் இஷ்டம்!

பி.காம். படிக்கும்போது எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வாங்கிய பொருளின் மதிப்பு வருடா வருடம் எப்படிக் கரைகிறது என்று கணக்கு எழுதுகிற வித்தை. காருக்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் கழி என்பார்கள். மிச்சத்தில் மறுபடி 15. இப்படியே கழித்துக்கொண்டு போனால், ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய கார் இருபத்தைந்தாம் வருடக் கடைசியில் ஏட்டில் 1,700 ரூபாய்ச் சொச்சமாக நிற்கும். அதற்கு அப்புறம் காயலான் கடைக்காரர் பார்த்து என்ன கொடுக்கிறாரோ அதுதான்.

இந்தப் பாடத்துக்கு அடங்காத கார்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம். 'கார் பற்றி எனக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு பீரோவில் மடித்து வைத்திருக்கும் கல்யாணப் புடவை வரைக்கும் இந்த விஷயம் வரும்.

நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். அதிலும் ஆர்32 என்கிற மாடல். 1989 முதல் 1994 வரை சுமார் 44,000 கார்கள் செய்தார்கள். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 2,568 சிசி. அதென்ன 2,568 என்று ஒரு கணக்கு? அந்தக் காலத்துப் பந்தய விதிப்படி, டர்போ வைத்த எஞ்சின் என்றால் சிசியை 1.7 ஆல் பெருக்குவார்கள். பெருக்கினால் 4,366 வரும். 4,500க்குள் இருக்க வேண்டும் என்ற பிரிவுக்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். வரி வரம்புக்குள் வருமானத்தை உட்கார வைக்கும் ஆடிட்டர்களுக்கு இந்த சாமர்த்தியம் நன்றாகப் புரியும். பலன்? 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் நடந்த 29 பந்தயங்களிலும் இந்த வண்டிதான் ஜெயித்தது. ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று இதற்கு 'காட்ஸில்லா' என்று பெயரே வைத்துவிட்டது.

அமெரிக்காக்காரர்களுக்கு இதன் மேல் ஒரு கண். ஆனால், நிஸான் இதை அங்கே விற்கவில்லை. தங்கள் நாட்டுப் பாதுகாப்பு விதிகளின்படி செய்யப்படாத காரை அமெரிக்கா உள்ளே விடாது. சுலபமான வழி, காருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். மாதக் கணக்குக்கூடப் பார்ப்பார்கள். 1989 ஆகஸ்டில் செய்த கார் என்றால் 2014 ஆகஸ்டில் கதவு திறக்கும். (நம் ஊரில் நேர் எதிர். மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. அவர்களுக்குக் கிழவன் வேண்டும், நமக்குக் குழந்தை வேண்டும்!) ஜப்பானிலோ மூன்றாம் வருடம் முதல் சோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, 13 வயது தாண்டினால் சாலை வரியும் ஏறும். பழைய கார் அங்கே பாரம். கடல் தாண்டினால் பொக்கிஷம். கப்பல் ஏறாமல் என்ன செய்யும்?

ஹூஸ்டனில் இருக்கும் என் கல்லூரி நண்பன் அப்படி ஒரு காருக்காகக் காத்திருந்தவன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேய்மானம் படித்தவன்தான். 1998ல் யாரோ ஒருத்தன் வீட்டு ப்ளேஸ்டேஷனில் 'கிரான் டூரிஸ்மோ' விளையாடும்போது இந்த வண்டியைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தான். 2017ல் 1991 மாடல் ஒன்றை ஜப்பானில் ஏலத்தில் எடுத்துக் கப்பலில் வரவழைத்தான். சமீபத்தில் அவன் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். ஊரைச் சுற்றிக் காட்டுவான் என்று பார்த்தால் கராஜைச் சுற்றிக் காட்டினான்.

கார் வந்து இறங்கியபோது முன் சீட்டுக்கு எதிரே உள்ள அறைக்குள் ஜப்பானிய மொழியில் ஒரு கட்டு சர்வீஸ் ரசீதுகள் இருந்தனவாம். கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். அதற்குள் பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு பித்தளைத் துண்டு, நடுவில் ஊசித் துளையோடு.

அது என்னவென்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு வாரம் ஆனது. டர்போவின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரப்பர் குழாய் போகிறது. அதற்குள் கம்பெனிக்காரர்களே வைத்து அனுப்பும் அடைப்பு அது. எடுத்துவிட்டால் எஞ்சினுக்குள் காற்று இன்னும் அழுத்தமாகப் போகும். கார் இன்னும் சீறும். ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை. முகம் தெரியாத அந்த ஜப்பானியர் அதைக் கழற்றியிருக்கிறார். கழற்றியவர் தூக்கி எறியவில்லை. கவரில் போட்டு வண்டியோடேயே வைத்திருக்கிறார்.

நான்கு நாளும் எனக்கு அந்தக் கவர் ஞாபகம்தான். உங்களையே கேட்கிறேன். காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கிவிட்டீர்கள். அதை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? 'என் வண்டி, என் இஷ்டம்' என்பது முழு நியாயமா, முக்கால் நியாயமா?

செய்தவர்கள் பக்கத்திலிருந்து பார்ப்போம். 1988ல் ஜப்பானில் சாலை விபத்துச் சாவுகள் பத்தாயிரத்தைத் தாண்டின. அரசாங்கம் முறைத்தது. கார் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு கனவான் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்தக் காரும் 280 குதிரைசக்திக்கு மேல் போகாது. 180 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதபடி ஒரு பூட்டும் உண்டு. 2004ல் ஹோண்டா லெஜண்ட் 300 என்று அறிவித்து உடைக்கும் வரை இதுதான் நடைமுறை. ஆனால், காகிதத்தில் 280 என்று எழுதிய எஞ்சினுக்குள்ளே எவ்வளவு இருந்தது என்பது வேறு கதை. பந்தயத்துக்கென்று பிறந்த இரும்பு. இரண்டு மடங்கு சக்தியைத் தாங்கும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். வாங்குகிறவனுக்கும் தெரியும். பூட்டைப் போட்டுவிட்டு, சாவியையும் பக்கத்திலேயே தொங்கவிட்ட மாதிரி.

இதைப் பொய் என்று சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்தால், நாம் விரதம் இருக்கும் வீட்டிலும் சமையல் அறை திறந்துதானே கிடக்கிறது!

சாவியை எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தக் காருக்குப் புகழ் வந்ததே அவர்களால்தான். 500, 600 குதிரைசக்தி என்று ஏற்றி, உடைத்து, மறுபடி கட்டி, எஞ்சினின் பலம் எது, பலவீனம் எது என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் அவர்கள். இந்த டர்போவின் சக்கரம் பீங்கான் வகையறா. அழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் பொடியாகிவிடும். இது தெரிந்தது எத்தனை பேர் பணம் பொடியான பிறகு! ஆரம்ப காலத்து எஞ்சின்களில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் தண்டின் முனை குட்டை. பம்ப் உடைந்தால் எஞ்சினே காலி. பிற்பாடு நிஸானே அந்த முனையை அகலமாக்கியது. பழைய கார்க்காரர்கள் லேத் பட்டறையில் கொடுத்து அகலமான காலர் போட்டுக்கொள்கிறார்கள். இதைத் திருத்தம் என்பீர்களா, திரிபு என்பீர்களா? அசலாகவே இருக்கட்டும் என்று விட்டால் ஒருநாள் அசலே இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு ஏலத்தில் அதிக விலை பெரும்பாலும் இவர்களுக்கு இல்லை. ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாத, ஓடவே ஓடாத காருக்குத்தான் மவுசு. வண்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவன் ஒருத்தன், விலை வாங்குகிறவன் இன்னொருத்தன். (நடிகர் பால் வாக்கர் 2009ல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படத்தில் ஓட்டிய ஆர்34 ஸ்கைலைன், 2023ல் 13 லட்சத்து 57 ஆயிரம் டாலருக்குப் போனது. அது மேலிருந்து கீழ்வரை மாற்றப்பட்ட கார்! தொட்டது யார் என்பதைப் பொறுத்து அபிஷேகத் தண்ணீரும் தீர்த்தமாகிவிடுகிறது.)

ஓட்டாமல் மூடி வைத்திருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணப் பட்டுப் புடவையை மடித்த மடிப்பிலேயே இருபது வருடம் வைத்துப் பாருங்கள். மடிப்பில் ஜரிகை இற்றுப் போயிருக்கும். கட்டிக் கிழிந்த புடவைக்காவது சொல்ல ஒரு விசேஷம் இருக்கும். காரும் அப்படித்தான். நிறுத்தியே வைத்தால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். பெட்ரோல் கெட்டுப்போகும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே செத்திருக்கும். ஓடாததால் தேயாது என்று எங்கள் பி.காம். புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

அதற்காக அவர்களை முழுசாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. தொடாத கார் நாலாவது எங்காவது இருந்தால்தானே அசல் எப்படி இருந்தது என்று பார்த்துச் செய்ய முடியும்? ஆர்32க்கான உதிரி பாகங்கள் சிலவற்றை நிஸானின் நிஸ்மோ பிரிவு 2017 கடைசியில் மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. டொயோட்டாவும் 2019ல் பழைய சுப்ராவுக்கு அப்படி அறிவித்தது. கால் நூற்றாண்டுக்கு முன்னால் விற்ற பொருளுக்கு ரப்பர் குழாய் செய்து கொடுக்கிறான் ஒரு கம்பெனி! விற்றதோடு உறவு முடிந்தது என்று அவன் நினைக்கவில்லை. (வியாபாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நல்ல வியாபாரம்.)

எனக்குக் கோபம் வந்தது வேறு ஓர் இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு காபிக் கடை வாசலில் கூடுகிறார்கள். நண்பன் அழைத்துப் போனான். ஒருவர் தன் காரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேராக ஒரு குழாய் போட்டிருந்தார். ஸ்டார்ட் பண்ணினார். தெருவே அதிர்ந்தது. பின்னாலிருந்து வந்த நெடியில் எனக்குக் கண் எரிந்தது. பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

வண்டி அவருடையது, சரி. புகை யாருடையது? வரவு அவர் கணக்கில், செலவு தெருவில் போகிறவன் கணக்கில் என்றால், எங்கள் ஊர் ஆடிட்டர்கூட கையெழுத்துப் போட மாட்டார். ஜப்பானில் இந்த வண்டி அந்த நிலையில் சோதனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே சத்தத்துக்கு அளவு உண்டு, வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுவரை விதி உண்டு.

காரில் திரும்பி வரும்போது நண்பனிடம் சொன்னேன்: "திரும்ப மாட்ட முடிகிற எதையும் கழற்றலாம்டா. மாட்ட முடியாததைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் தர்மம்."

அவன் சிரித்தான். "கன்வெர்ட்டரைக்கூடத்தான் திரும்ப மாட்டலாம். அதுக்குள்ள அந்தக் குழந்தை மூச்சுல போனதை எப்படித் திரும்ப எடுப்ப? அது கிடக்கட்டும், நான் ஓட்டுற ஒவ்வொரு மைலும் திரும்பி வராதது. அப்ப ஓட்டவே கூடாதா?"

என் தர்மம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

அவன் கராஜின் மேல்தட்டில் வரிசையாக அட்டைப் பெட்டிகள். காரில் அவன் மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் அசல் அதில் இருக்கிறது. தேதி போட்டு, துணியில் சுற்றி, துரு பிடிக்காமல் ஆயில் பூசி. "நாளைக்கு விக்கும்போது விலை வரும்னுதானே?" என்று சீண்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அதுவும்தான்" என்றான். பிறகு, "அந்த ஜப்பான்காரர் எனக்காகவா எடுத்து வச்சாரு? நான் யாருன்னே அவருக்குத் தெரியாதுல்ல" என்றான்.

பித்தளைத் துண்டை எங்கே என்று கேட்டேன். அவன் மனைவி கொடுத்த குங்குமச் சிமிழ் ஒன்றில் வைத்து, வீட்டுக்குள் அவன் மேஜை டிராயரில் எட்டு வருடமாகப் பத்திரப்படுத்தியிருந்தானாம். அதாவது, எட்டு வருடமும் அது இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறான்.

"இப்ப எங்கே?"

அவன் மகனுக்குப் பதினேழு வயது. லைசென்ஸ் வாங்கிவிட்டான். ஆறு மாதமாக ஒரே பாட்டு: அப்பா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். முந்தின மாதம் ஒரு ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு, நண்பன் டார்ச் வெளிச்சத்தில் அந்தத் துண்டைத் திரும்பக் குழாய்க்குள் சொருகிவிட்டான். காலையில் சாவியை மகனிடம் கொடுத்தான்.

"டேய், அவன் இந்தக் காலத்துப் பையன். ஐந்து நிமிஷ வேலைன்னு நீதானே சொன்ன? எடுத்துட மாட்டானா?"

"எடுத்துடலாம். எங்க இருக்குன்னும் அவனுக்குக் காட்டிட்டேன்" என்றான் நண்பன். "சிமிழையும் அவன்கிட்டயே குடுத்துட்டேன்."

கிளம்புகிற அன்று அந்தப் பையனின் அறையில்தான் என் பெட்டியை அடுக்கினேன். புத்தக அலமாரியில், ஹெட்போனுக்குப் பக்கத்தில், சிமிழ் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எடுத்துத் திறந்து பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.