பனி வெள்ளை, வானம் கறுப்பு

கேமராவின் லைட் மீட்டருக்கு உலகம் ஒரே நிறம்தான். எதன் பக்கம் திருப்பினாலும், விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நடுச் சாம்பல் என்றே அதை எண்ணிக்கொண்டு அளவு சொல்லும். புல்வெளிக்கும் செம்மண் சாலைக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும். புதுப்பனியிடம் வந்தால் தோற்றுப்போகும். அப்போதுதான் விழுந்த பனி 80 முதல் 90 சதவீத ஒளியைத் திருப்பிவிடுகிறது. மீட்டர் சொல்வதை அப்படியே கேட்பவருக்குக் கிடைப்பது, அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பரப்பியது போன்ற ஒரு வயல்.

அதனால் பனியைப் படமெடுப்பவர்கள் மீட்டர் சொன்னதற்கு மேல் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியைக் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி இரட்டிக்கும்: 18, 36, 72. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் அதற்குள் ஒரு பழைய கேள்வி குந்தியிருக்கிறது. கருவியை அதன் போக்கில் விட்டால் பனி அழுக்காகிறது. மனிதர் கை வைத்தால்தான் வெளுக்கிறது. அப்படிக் கை வைத்து எடுத்த படத்தை உண்மை என்று சொல்லலாமா?

காட்சி எப்போது அறிவாகிறது என்பதை இந்தியத் தருக்கம் நெடுங்காலம் அலசியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிலும் அந்த விசாரணை உண்டு. ஏதோ ஒன்று இருக்கிறது என்ற அளவில் நிற்பது நிருவிகற்பக் காட்சி. பெயர், இனம், குணம் எல்லாம் சேர்ந்து இன்னது என்று தெளிவது சவிகற்பக் காட்சி. கேமரா தருவது முதல் வகை என்று நம்பத்தான் பலருக்கும் ஆசை. மீட்டரோ உலகம் நடுச் சாம்பல் என்ற முடிவோடுதான் பெட்டியிலிருந்தே வெளியே வருகிறது.

1927 ஏப்ரல் 10. நாள்காட்டி வசந்தம் என்றது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைகளில் பனி இன்னும் கரையவில்லை. 25 வயதுப் படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், பிற்பாடு மனைவியான வர்ஜீனியா பெஸ்ட்டோடும் நண்பர்களோடும் கண்ணாடித் தட்டுகளைச் சுமந்துகொண்டு மேலே ஏறினார். ஹாஃப் டோம் பாறையின் செங்குத்து முகத்துக்கு எதிரே நின்றபோது மீதமிருந்தவை இரண்டே தட்டுகள். முதல் தட்டை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். மூடிய பிறகுதான் உறைத்தது: வானம் சாதாரணச் சாம்பலாக விழும், பாறை அழகாக இருக்கும், ஆனால் தன்னை நிறுத்திவைத்த அந்தப் பிரமிப்பு படத்தில் இருக்காது. கடைசித் தட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகவே வந்தது.

சிவப்பு ஃபில்டர் நீலத்தை உள்ளே விடாது. தெளிந்த வானம் நீலம். அது இருண்டதில் வியப்பில்லை. பனியிலும் அதற்கு வேலை உண்டு. நிழலில் கிடக்கும் பனிமீது வெயில் படுவதில்லை, நீல வானத்தின் ஒளிதான் படுகிறது. உண்மையில் அந்தப் பனி நீலம். கண் பழக்கத்தால் அதையும் வெள்ளை என்று சொல்லிவிடுகிறது. ஃபில்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெயில் பட்ட பனி பளீரென்று நிற்க, நிழற்பனி ஆழ்ந்து இருள்கிறது.

அன்று யோசெமிட்டி வானம் கறுப்பாக இருந்ததா? இல்லை. ஆடம்ஸும் அப்படிச் சொன்னதில்லை. எந்தத் தட்டு, எந்த ஃபில்டர், ஏன் என்பதையெல்லாம் அவரே எழுதிவைத்தார். படம் எப்படி வரவேண்டும் என்பதை ஷட்டரைத் தொடும் முன்பே மனக்கண்ணில் காணும் வழியை அன்றுதான் கண்டுகொண்டதாகவும் சொன்னார். 1939-40 வாக்கில் ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து அதை ஒரு முறையாக்கினார்: ஸோன் சிஸ்டம். முழுக் கறுப்பு 0, காகித வெள்ளை 10, இடையில் ஐந்தாம் படியில் மீட்டரின் நடுச் சாம்பல். பனி எந்தப் படியில் உட்காரவேண்டும் என்று மீட்டர் தீர்மானிக்காது, எடுப்பவர் தீர்மானிப்பார். ஏழில் வைத்தால் பனியின் பொருபொருப்பு தெரியும், எட்டில் மெல்லிய தடம் மிஞ்சும், பத்தில் ஒன்றுமே இராது.

ஒன்றுமே இராது என்பது வெறும் பேச்சுக்கில்லை. பழைய வெள்ளி பிரிண்டில் கறுப்பு என்பது வெள்ளித் துகள். முழு வெள்ளையான இடத்தில் துகளே இல்லை. அங்கே தெரிவது காகிதம் மட்டும். நெகட்டிவிலோ தலைகீழ்: பனி இருந்த இடத்தில்தான் வெள்ளி அதிகம் குவிந்திருக்கும். நெகட்டிவில் நிறைந்திருக்கும் அதே பனி பிரிண்டில் காலியாகிறது.

இந்த ஸோன் கணக்கைத் தியானத்தோடு சேர்த்தவர் படக்கலைஞர் மைனர் வைட். 1943இல் கத்தோலிக்கராகி, பிறகு ஜென் பக்கமும் ஞான ஆசிரியர் குர்ஜீஃப் பக்கமும் நகர்ந்தவர். எடுக்கப்போகும் பொருளின் முன் முதலில் அசையாமல் அமரச் சொல்வார். ஸோன் படிகளையும் விடாமல் கற்பிப்பார். ஒற்றைக் கை ஓசை என்ற ஜென் புதிரின் பெயரில் அவர் கோத்த படவரிசையில், ஜன்னல் கண்ணாடியில் உறைந்த பனிப்படிவும் இடம்பெறுகிறது.

தெரிவு எங்கே திரிபாகிறது? இதற்கு வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோ ஊரில் ஒரு வழக்கே நடந்தது எனலாம். வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885 ஜனவரி 15 அன்று, தம் 19ஆம் வயதில், மைக்ராஸ்கோப்போடு கேமராவைப் பொருத்தி ஒரு பனித்துகளைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5,000க்கு மேல் எடுத்தார். துகள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக, நகல் நெகட்டிவில் அதைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டினார். பிரிண்டில் பின்னணி கன்னங்கரேலென்று ஆகும். துகள் வைரமாக நிற்கும்.

ஜெர்மானிய வானிலையாளர் குஸ்டாவ் ஹெல்மான் இதை ஏற்கவில்லை. ரிச்சர்ட் நாய்ஹவுஸ் அவருக்காக எடுத்த படங்களில் பல துகள்கள் கோணல்மாணலாக இருந்தன. பென்ட்லியின் கத்தி துகளின் விளிம்பையே மாற்றிவிட்டது என்பது ஹெல்மானின் குற்றச்சாட்டு. இயற்கைக்கு நெருக்கமாகக் கொண்டுபோகவே திருத்தினேன் என்ற தொனியில் பென்ட்லி பதில் தந்தார். இருவருமே உண்மையின் பெயரால்தான் பேசினார்கள். ஆனாலும் ஆடம்ஸின் ஃபில்டரையும் பென்ட்லியின் கத்தியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஃபில்டர் வானம் முழுவதையும் ஒரே விதியால் இருட்டியது. பாறையின் விளிம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கத்தி போன இடத்தில் விளிம்புக்குச் சாட்சி கையின் நிதானம் மட்டுமே.

ஜப்பானின் ஹொக்கைடோவில் படமெடுக்கும் மைக்கேல் கென்னாவின் வழி ஆடம்ஸுக்கு நேர் எதிர். 1953இல் இங்கிலாந்தின் விட்னஸில் பிறந்தவர்; பாதிரியாராகும் எண்ணத்தோடு ஏழாண்டுகள் செமினரிப் பள்ளியில் படித்தவர். அவருடைய பனிப்படங்களில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிக் கலந்துவிடுகின்றன. நாலு வேலிக்கம்பு, ஒரு மரம், அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹசெகாவா தோஹாகுவின் பைன் மரத் திரைகளில் மூடுபனி இப்படித்தான் இருக்கும்: மை தொடாத வெறும் காகிதமாக. வெறுமையை நிறைவாகக் காணும் பௌத்த மனத்துக்கு இது அந்நியமில்லை.

ஆனால் அந்த வெள்ளைக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஹொக்கைடோவின் பியெய் ஊரில் சற்றே சாய்ந்து நின்ற ஒரு பாப்லர் மரத்தை ‘தத்துவ மரம்’ என்றார்கள். கென்னாவும் அதை எடுத்திருக்கிறார். மரத்தைச் சுற்றிப் படங்களில் வெறும் வெளியாகத் தெரிந்தது ஒரு விவசாயியின் நிலம். படமெடுக்க வந்தவர்கள் அதை மிதித்துக்கொண்டே போனார்கள். மரமும் முதுமையில் தளர்ந்திருந்தது. 2016 பிப்ரவரியில், வயலில் இன்னும் பனி கிடந்தபோதே, உரிமையாளர் அதைச் சாய்த்துவிட்டார்.