காலம் கெட்டதா? கண் கெட்டதா?



"காலம் கெட்டுப் போய்விட்டது" என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. ஹட்டன் பஸ் நிலையத்தில் கேட்கிறது; திருப்பலி முடிந்து கோயில் வாசலில் கூடிநிற்போர் நடுவிலும் கேட்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கசிப்பு. இளைஞர் கையில் ஓயாத கைத்தொலைபேசி. பெற்றோர் சொல்லைப் பிள்ளைகள் கேட்பதில்லை. பெரியவர்களுக்கு மரியாதை இல்லை. இக்குறைகள் பொய்யல்ல. ஆனால் இந்தப் பட்டியலை நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் நம் பெயர் எங்காவது இருக்கிறதா? குடிகாரன் அயல் லயத்தான். கெட்டுப்போனவன் அடுத்த வீட்டுப் பையன். நாமோ பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள்!

ஒழுக்கச் சீர்கேடு என்றால் என்ன? பாவம் செய்யாத தலைமுறை ஒன்று உலகில் இருந்ததில்லை. முதற் பெற்றோர் பாவம் செய்தபின் வெட்கி ஒளிந்துகொண்டார்கள். அந்த வெட்கமே அவர்களிடம் மனச்சாட்சி சாகவில்லை என்பதற்கு அடையாளம். தவறி விழுந்தவன் எழும்பலாம். விழுந்ததையே உணராதவன் எழுவது எப்படி? ஒரு தவறு வழக்கமாகி, அதைக் கண்டு எவரும் கூசாத நிலை வரும்போதுதான் சமூகம் மெய்யாகவே சீர்கெடுகிறது. ஆகவே நம் சமூகத்தை அளக்க விரும்பினால், எதைக் கண்டு கூக்குரலிடுகிறோம் என்று பார்த்தால் போதாது. எதைக் கண்டு பேசாதிருக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

2021 ஜூலை மாதத்தில் நடந்ததை மலையகம் மறந்திருக்காது. தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற சிறுமி ஒருத்தி, கடும் எரிகாயங்களுடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, சில நாட்களில் உயிர் நீத்தாள். மலையக நகரங்களில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அம்மரணத்துக்கு யார் பொறுப்பு என்பது நீதிமன்றத்தின் காரியம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவள் சாகும்வரை, அவளைப் போன்ற பிள்ளைகள் போவதைக் கண்டு நாம் என்ன சொல்லி வந்தோம்? "கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்குது" என்று சொன்னோம். அவ்வளவுதான்.

இது நடக்கும் விதம் நமக்குத் தெரியாததல்ல. தரகர் ஒருவர் லயத்துக்கு வருகிறார். முற்பணம் தருகிறார். "நல்ல வீடு, நல்ல சாப்பாடு, சொந்த மகளைப் போல் பார்ப்பார்கள்" என்கிறார். தகப்பன் தலையசைக்கிறார், அந்தப் பணத்தில் ஒரு பகுதி தவறணைக்குப் போவதும் உண்டு. தாய் அழுகிறாள், பின் கடனை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அது அவர்கள் வீட்டு விஷயம் என்று அயலார் ஒதுங்குகிறார்கள். ஏழைப் பிள்ளைக்குச் சோறு போடுகிறோம் என்று நகரத்து எசமானி மனம் தேறுகிறாள். ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. அத்தனை நியாயங்களும் சேர்ந்து ஒரு பிள்ளையின் வாழ்வை விழுங்குகின்றன. வீட்டுக்காரரின் மகள் பாடசாலைக்குப் போகிறாள். அதே வயதுச் சிறுமி அவளுடைய சப்பாத்தைத் துடைத்து வைக்கிறாள்.

"வறுமைதானே காரணம், சுவாமி? சம்பளத்தைக் கூட்டாமல் ஒழுக்கம் பேசி என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் இவர்கள். எஞ்சியிருந்தோருக்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொடுவதற்கே 2021 வரை ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, ஏழைத் தாயை மட்டும் கூண்டில் ஏற்றுவது கிறிஸ்தவ நீதி ஆகாது. நெருக்கடி மனிதனின் சுதந்திரத்தைக் குறைக்கிறது. சுதந்திரம் குறையும் அளவுக்குக் குற்றப் பொறுப்பும் குறையும் என்பது திருச்சபையின் அறநெறிப் போதனை.

ஆனால் அதே அளவுகோலை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். தாயை வறுமை நெருக்கியது. பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொண்ட வீட்டை எது நெருக்கியது? தரகரை எது நெருக்கியது? தெரிந்தும் வாய் திறவாத நம்மை எது நெருக்கியது? சுதந்திரம் கூடியவனுக்குப் பொறுப்பும் கூடும்.

பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1987இல் எழுதிய சமூகச் சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' பற்றிப் பேசினார். அவை தனிமனிதரின் பாவங்களிலேயே வேர்கொண்டவை என்றும் விளக்கினார். எனவே, "அமைப்பு மாறட்டும், பார்ப்போம்" என்று கைகட்டி நிற்பதும் தவறு; "ஆள் திருந்தினால் போதும்" என்று அமைப்பைத் தொடாமல் விடுவதும் தவறு.

லூக்காஸ் நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை எண்ணிப் பாருங்கள். செல்வந்தன் லாசரை அடித்ததாக அங்கே இல்லை, விரட்டியதாகவும் இல்லை. வாசலில் கிடந்தவனைக் கண்டு கண்டு அவனுக்குப் பழகிப் போயிற்று. அவன் நரகத்தில் வீழ அதுவே போதுமாயிருந்தது. ஆமோஸ் இறைவாக்கினர் கண்டித்ததும் கோயிலை மறந்தவர்களையல்ல. திருவிழாக்களைக் குறைவின்றி நடத்திக்கொண்டே, ஒரு சோடி செருப்புக்காக ஏழையை விற்றவர்களையே அவர் சாடினார்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் நமக்கு ஒரு முன்மாதிரி. காலத்தைப் பழித்து அவர் காலங்கழிக்கவில்லை. பலர் பாராது கடந்துபோன லயங்களைப் பார்த்தார். அம்மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார்.

நம்மாலும் சில காரியங்கள் ஆகும். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் நாட்டின் விதி. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. இதை லயந்தோறும் சொல்லுங்கள். பாடசாலைக்கு வராமல் நின்ற பிள்ளை எங்கே என்று ஆசிரியரும் உபதேசியாரும் தேடிச் செல்லட்டும். வின்சன் டி போல் சபையினர், முற்பணத்துக்குப் பணிந்துவிடக்கூடிய குடும்பங்களை முன்னதாகவே அறிந்து உதவட்டும். திருவிழா வாணவேடிக்கைப் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகலாம். பிள்ளையொன்று துன்புறுவதாக அறிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தயங்காமல் அறிவியுங்கள். நியாயமான சம்பளம் கேட்டுத் தொழிலாளர் எழும்பும்போது, அது அரசியல் என்று ஒதுங்காதீர்கள். பிள்ளையை விற்காமல் வாழத் தாய்க்கு அதுவே வழி.

அடுத்த முறை "காலம் கெட்டுவிட்டது" என்று சொல்ல வாய் எழும்பும்போது, நம் லயத்திலோ, நம் தெருவிலோ, நம் சொந்தக் குசினியிலோ பாடசாலைக்குப் போகாத பிள்ளை ஒன்று நிற்கிறதா என்று முதலில் பார்ப்போம். நின்றால், அதன் பெயரைக் கேட்போம்; அது மீண்டும் புத்தகப் பையைத் தூக்கும்வரை ஓயாதிருப்போம்.