விளையாட்டு யுத்தம் பாவமா?



ஞானோபதேச வகுப்பு முடிந்தபின் நம் வாலிபன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "சாமி, கம்ப்யூட்டரில் யுத்த விளையாட்டு ஆடுகிறோம். எதிராளியின் ஆகாய விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிறோம். இது பாவமா? பாவமென்றால் சாவான பாவமா, அற்பப் பாவமா?" அவன் ஆடுவது 'வார் தண்டர்' என்னும் விளையாட்டு. அதில் அவன் விரும்பி ஓட்டுவது, இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஜப்பானியர் செய்த ஒரு சண்டை விமானம். அவனுடைய தாயார் கேட்டது வேறு கேள்வி: "தறிக் கூலியில் மிச்சம் பிடித்துப் படிப்புக்கென்று வாங்கிய பெட்டி, சாமி. உடைத்துப் போட்டுவிடலாமா?" இதே சங்கடம் இன்னும் பல வீடுகளில் இருப்பதாகக் கேள்வி. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் வாலிபனுக்கு. ஐந்தாம் கற்பனை விலக்குவது மனிதனைக் கொல்வதை. திரையில் விழுகிற விமானத்தில் மனிதன் இல்லை. யுத்தத்தை விளையாட்டாக்குவது நேற்று வந்த பழக்கமும் அல்ல. சதுரங்கம் நம் பாரத தேசத்தில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையே அதன் பெயர். திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடிய நம் பாட்டனார்களை யாரும் கொலைகாரர் என்று சொன்னதில்லை.

விளையாட்டே கூடாது என்பாரும் உண்டு. அவர்களுக்கு அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் பதில் சொல்லியிருக்கிறார். உடலுக்கு ஓய்வு வேண்டியதுபோல் மனதுக்கும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வே விளையாட்டு என்பது அவர் போதனை. அதற்கு அவர் பழைய கதை ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். அப்போஸ்தலரான அர்ச். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு எய்யும்படி அவர் அவனுக்குச் சொன்னார். பலமுறை எய்தபின், "இப்படியே ஓயாமல் எய்வாயா?" என்று கேட்டார். "அப்படிச் செய்தால் வில் முறிந்துபோம்" என்றான் அவன். மனதும் அப்படித்தான் என்றாராம் அவர்.

ஆயினும் அர்ச். தோமாஸ் சில வரம்புகளும் வைக்கிறார். விளையாட்டு அவலட்சணமானதாகவோ பிறருக்குக் கேடாகவோ இருத்தலாகாது. மனதின் நிதானத்தை முற்றும் இழந்துவிடலாகாது. ஆளுக்கும் வேளைக்கும் இடத்துக்கும் அது பொருந்த வேண்டும். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, ஞாயிறு பூசைக்கு வராமல் தூங்குவதும், பாவு புணையத் தகப்பனார் கூப்பிடும்போது காதில் விழாததுபோல் இருப்பதும் எந்த வரம்பை மீறுகின்றன என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. வாலிபனுக்கே தெரியும். தாயாரின் வழக்கில் முக்கால் பங்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

மீதிக் கால் பங்குதான் கடினமானது. அர்ச். அகுஸ்தீன் தம் நண்பர் அலிப்பியுசைப் பற்றி எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் வாள்வீரர் ஒருவரையொருவர் வெட்டிச் சாகும் வேடிக்கைக்கு நண்பர்கள் அவரைக் கட்டாயமாக இழுத்துப் போனார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூட்டம் ஒரேயடியாக ஆர்ப்பரித்தபோது கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான், இரத்த வெறி அவரைப் பற்றிக்கொண்டது. நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஆகுமோ என்பது பெற்றோரின் அச்சம். நான் அவ்வளவு தூரம் அஞ்சவில்லை. அலிப்பியுஸ் கண்டது மெய்யான இரத்தம். நம் வாலிபனுக்கு இன்பமாயிருப்பது இரத்தம் அன்று. விமானத்தைச் சட்டென்று திருப்புவதும், தூரத்தைக் கணிப்பதும், தன்னிலும் வல்லவனை ஏமாற்றுவதுமே. இவை சாமர்த்தியங்கள். என் கவலை வேறு. அதைச் சொல்வதற்கு அந்த விமானத்தின் கதை வேண்டும்.

அதன் பெயர் 'ஷிடென் கை'. ஷிடென் என்றால் ஊதா மின்னல். கை என்றால் திருத்தியது. கவானிஷி என்னும் கம்பெனி ஜப்பானியக் கடற்படைக்காகச் செய்தது. ஆதியில் தண்ணீரில் இறங்கும் மிதவை விமானமாக இருந்ததை, மிதவையை எடுத்துவிட்டுச் சக்கரம் வைத்துத் தரை விமானமாக்கினார்கள். இறக்கை உடலின் நடுவில் இருந்தபடியால் சக்கரக் கால்கள் கொக்கின் கால்போல் நீண்டு, இறங்கும்போது முறிந்தன. ஆகவே இறக்கையைக் கீழே இறக்கி, சுமார் 66,000 உதிரிப் பாகங்களை 43,000 ஆகக் குறைத்து மறுபடி செய்தார்கள். அதுவே ஷிடென் கை. நான்கு பீரங்கித் துப்பாக்கிகள் அதற்கு உண்டு. பாதரசம் நிரப்பிய வளைந்த குழாய் ஒன்றை வைத்து, விமானம் திரும்பும் வேகத்துக்கேற்ப இறக்கையின் பின்மடல் தானாகவே இறங்கும்படி செய்திருந்தார்கள். விமானி அதற்காகக் கையை எடுக்க வேண்டியதில்லை. தறியில் நுணுக்கம் அறிந்த நம் ஜனங்கள் இதை மெச்சுவார்கள். நானும் மெச்சுகிறேன். சர்வேசுரன் மனிதனுக்குத் தந்த புத்தியின் வேலை அது; அதை அழகு என்று சொல்வதில் குற்றமில்லை.

ஆனால் அந்த விமானம் எப்படிப் பறந்தது? அதன் 18 சிலிண்டர் என்ஜின் நல்ல பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டது. கிடைத்ததோ தரங்குறைந்த பெட்ரோல். எண்ணெய்க் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டுவிட்டன. தேர்ந்த தொழிலாளிகள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். 1944-இல் பள்ளி மாணவ மாணவியரும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். முப்பது வருடம் கை பழகிய நெசவாளியைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்துப் பட்டுப்புடவை கேட்டால் எப்படியிருக்கும்? என்ஜினும் அப்படித்தான் இருந்தது. ஷிடென் கை செய்யப்பட்டது மொத்தம் ஏறக்குறைய 400. எதிரே வந்த அமெரிக்கருக்கோ ஆயிரக்கணக்கில் விமானங்கள் இருந்தன. விமானிகள் நன்றாகப் பழகியும் இருந்தார்கள்.

விளையாட்டில் இவையெல்லாம் மாறிவிடுகின்றன. பெட்ரோலில் குறைவில்லை. பசியும் காய்ச்சலும் இல்லாத விமானி. அதைவிட விசேஷம் ஒன்று உண்டு. வாலிபன் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தர எண் கொடுத்து, ஏறக்குறைய சமமானவற்றையே ஒன்றோடொன்று மோத விடுகிறார்கள். ஒரு விமானம் அளவுக்கு மீறி ஜெயித்துக்கொண்டிருந்தால் அதன் எண்ணை உயர்த்தி, இன்னும் பலத்த எதிரிகளோடு சேர்த்துவிடுகிறார்கள். ஏன்? சமம் இல்லாத இடத்தில் விளையாட்டு இல்லை. தோற்பது நிச்சயமென்று தெரிந்தால் யார் ஆட வருவான்?

யுத்தமோ இதற்கு நேர் விரோதம். எந்தத் தளபதியும் சமத்தைத் தேடுவதில்லை. எதிரி ஒருவனாக இருக்கும்போது தான் பத்துப் பேராய்ப் போவதும், அவன் தூங்கும்போது அடிப்பதும், அவனுடைய பெட்ரோலையும் சோற்றையும் முதலில் அழிப்பதுமே யுத்த தந்திரம். விளையாட்டில் இருவரும் சம்மதித்து வருகிறார்கள்; வேண்டாமென்றால் எழுந்து போகலாம்; வீழ்ந்தவன் அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுகிறான். யுத்தத்தில் இம்மூன்றும் இல்லை. ஆதலால் யுத்த விளையாட்டை ஒரு சின்ன யுத்தம் என்று நான் கொள்ளவில்லை. அதற்கு யுத்தத்தின் சாயல் உண்டு, யுத்தத்தின் சுபாவம் இல்லை. ஆடுகிறவன் கொலைகாரன் ஆகிவிடுவான் என்ற பயம் எனக்கு இல்லாததற்குக் காரணம் இதுவே. ஆனால் யுத்தம் இப்படித்தான் இருக்கும், சமமானவர்கள் மனமொப்பி மோதும் ஒரு பந்தயம் என்று அவன் நம்பிவிட்டால், நாளைக்கு நாட்டில் யுத்தப் பேச்சு எழும்போது கைதட்டுகிறவர்களில் அவனும் ஒருவனாவான். அந்தப் பொய்யைத்தான் அஞ்சுகிறேன்.

இன்னொன்று: யாருடைய பக்கம் என்று விளையாட்டு கேட்பதில்லை. சதுரங்கத்தில் வெள்ளை ராஜாவின் வழக்கு நியாயமா என்று யாரும் விசாரிப்பதில்லை; அதுபோல. நியாயமான காரணம் இல்லாத யுத்தம் அநியாயம் என்று அர்ச். தோமாஸ் போதிக்கிறாரே, அந்தக் கேள்விக்கு இங்கே இடமே கிடையாது. ஆனால் ஷிடென் கை விமானங்களைத் திரட்டி, தேர்ந்த விமானிகளைச் சேர்த்து 343-ஆம் படைப்பிரிவை நடத்திய மினோரு கெண்டா நமக்கு அந்நியர் அல்லர். 1942-ஆம் வருடம் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலையில் கொழும்பு நகரைக் குண்டு வீசித் தாக்கிய விமானங்கள் புறப்பட்ட கப்பற்படையில், விமானத் தாக்குதலுக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரியாக இருந்தவர் அவரே. அங்கோடை மனநோய் ஆஸ்பத்திரியின் மேலும் குண்டுகள் விழுந்தன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மீஸ் கப்பலோடு மாண்டவர் 307 பேர். அந்த ஏப்ரலில் சென்னைப் பட்டணமே வெறிச்சோடியது. மூர் மார்க்கெட் அருகே இருந்த மிருகக்காட்சி சாலையின் துஷ்ட மிருகங்கள் தப்பி ஓடிவிடக்கூடும் என்று அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் பட்டினியிலும் மடிந்ததும் அந்த அரசின் கீழேதான்.

(அந்த உயிர்த்த ஞாயிறு கொழும்புக்கு விமானங்களை நடத்திச் சென்ற மிட்சுவோ புச்சிடா, யுத்தத்துக்குப் பின் கிறிஸ்தவராகிப் போதகராய்ச் சுற்றி வந்தார். நம் திருச்சபையில் அல்ல, எனினும் சொல்லத்தக்கது.)

இதில் இந்த விளையாட்டை மட்டும் குறை சொல்ல நாம் யார்? நம் ஊரின் பெயரே ஒரு யுத்தத்தின் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியனை இங்கே முறியடித்ததனால் பல்லவ மன்னன் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' ஆனான். அவன் புகழ் பாட நந்திக்கலம்பகம் பிறந்தது. அந்தப் பாட்டைக் கேட்டபடியே அவன் தீயில் மாண்டான் என்று கர்ண பரம்பரைக் கதையும் உண்டு. அன்று இந்த மண்ணில் விழுந்த காலாட்களின் பெயரை யாரும் பாடவில்லை. பக்கத்து வந்தவாசியில் 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதைப் பள்ளியில் படித்தோம். தேதி மட்டும் ஞாபகமிருக்கிறது. 1914-இல் சென்னையைச் சுட்ட 'எம்டன்' கப்பல், நம் வாயில் கெட்டிக்காரனுக்குப் பெயராகிவிட்டது. யுத்தத்தில் வலியை உதிர்த்துவிட்டு வீரத்தை மட்டும் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். கம்ப்யூட்டர் அதை விரைவாகச் செய்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: அம்மா, பெட்டியை உடைக்க வேண்டாம். நேரத்துக்கு வரம்பு கட்டுங்கள். அதில் தயவு காட்ட வேண்டாம். தம்பி, நீ ஆடலாம். ஆனால் ஒரு பொருளைப் பாதி மட்டும் அறிந்து புகழ்வது உண்மைக்குப் பட்ட கடன். நீ ஓட்டுகிற விமானத்தின் வேகத்தைப் பத்துக் கிலோமீட்டர் பிசகாமல் சொல்கிறாய். அது எந்த ஊரிலிருந்து பறந்தது என்று கேட்டேன், தெரியவில்லை. அதை நான் சொல்கிறேன்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் அந்தப் படைப்பிரிவு இருந்தது ஓமுரா என்னும் இடத்தில். நம் முத்துக்குளித்துறையில் உழைத்த அர்ச். சவேரியார் 1549-இல் ஜப்பானுக்குப் போய் விதைத்த வேதம், சில வருடங்களில் ஓமுராவின் சிற்றரசனையும் எட்டியது. அவன் 1563-இல் ஞானஸ்நானம் பெற்றான். ஓமுராவுக்கு அருகேதான் நாகசாகி. 1945 ஆகஸ்டு 9 அன்று அங்கே அணுகுண்டு விழுந்தபோது, உரகாமி பங்கின் சுமார் 12,000 கத்தோலிக்கரில் ஏறக்குறைய 8,500 பேர் மாண்டார்கள். ஜப்பானியக் கடற்படையின் மிகச் சிறந்த சண்டை விமானம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது; அந்தக் குண்டை அதனால் தடுக்க முடியவில்லை.

ஷிடென் கை விமானங்களில் மிஞ்சியிருப்பவை நான்கு. மூன்று அமெரிக்கக் காட்சிசாலைகளில் புதுவர்ணம் பூசி நிற்கின்றன. நான்காவது ஜப்பானில், எஹிமே மாகாணத்து ஐனான் என்னும் ஊரில் இருக்கிறது. 1979-இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது. 1945 ஜூலை 24-ஆம் தேதிச் சண்டையிலிருந்து திரும்பாத ஆறு விமானங்களில் ஒன்று என்று கருதுகிறார்கள். அதன் விசிறித் தகடுகள் நான்கும் மடங்கிப்போயிருக்கின்றன; விமானி அதைத் தண்ணீரில் மெல்ல இறக்கப் பார்த்திருக்க வேண்டும். விளையாட்டில் ஒவ்வொரு விமானத்தின் மேலும் ஓட்டுகிறவன் பெயர் எழுதியிருக்கிறது. இதை ஓட்டியவன் அந்த ஆறு பேரில் யார் என்று நிச்சயமாகவில்லை.